ஊற்றியவர் பெயர்

பெயர் ஒட்டாத டப்பா கண்ணில் பட்டால் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிடும். அது என் சுபாவம், மாற்றிக்கொள்வதாக உத்தேசமில்லை. நான் ஸ்டோர் பார்த்துக்கொள்ளும் தொழிற்சாலையில் தரை துடைக்கும் திரவமும், கழிப்பறை கழுவும் அமிலமும், துணி வெளுக்கும் ப்ளீச்சும் தயாராகின்றன. ஒரே மாதிரி டப்பாவில் ஊற்றி வைத்தால் எது எது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. அமிலமும் ப்ளீச்சும் தப்பித் தவறி ஒன்றாகக் கலந்தாலோ, கிளம்புகிற புகையில் மூச்சு முட்டிப் போய்ச் சேர வேண்டியதுதான். இந்த லட்சணத்தில், "அம்மா, இது என்னன்னு தெரியல, சும்மா ஓரத்துல கிடந்துச்சு" என்று ஒருத்தன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் அவனைக் கொஞ்சவா முடியும்?

அதனால் எனக்கு "லேபிள் அம்மா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே "ஸ்டோர் அம்மா." வீட்டிலும் நான் அப்படித்தான். உப்பு டப்பா, சர்க்கரை டப்பா, சோப்புத்தூள் டப்பா எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் பெயர் இருக்கும். "என் முதுகுலயும் ஒண்ணு ஒட்டிடு, தொலைஞ்சு போனா யாராவது கொண்டுவந்து விடுவாங்க" என்பார் என் வீட்டுக்காரர். "உங்களுக்கு எழுதணும்னா, பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கவும்னுதான் எழுதணும்" என்று நான் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டார். காலையில் அவரை எழுப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பீப்பாய் வந்து இறங்கும்போதே அதன் மேல் எல்லாம் இருக்கும். உள்ளே இருப்பதன் பெயர், சிவப்புக் கரை போட்ட சாய்சதுரத்துக்குள் ஒரு படம், கையை அரிக்குமா தீப்பிடிக்குமா என்ற விவரம், "அபாயம்" அல்லது "எச்சரிக்கை" என்று ஒரு சொல், மேலே பட்டால் என்ன செய்ய வேண்டும், தயாரித்தவர் முகவரி. அதில் எனக்கு வேலையில்லை. என் ராஜ்யம் அதற்கப்புறம்தான் ஆரம்பம். பீப்பாயிலிருந்து ஒரு சின்ன டப்பாவுக்குக் கொஞ்சம் ஊற்றினாலும் அந்த டப்பாவுக்கும் லேபிள் வேண்டும். என்ன பொருள், என்ன ஆபத்து, கடைசி வரியில் ஊற்றியவர் பெயர். அந்தக் கடைசி வரி நானாகச் சேர்த்தது. பெயரைப் போட வேண்டும் என்றால் எவனும் ஏனோதானோ என்று ஊற்ற மாட்டான் பாருங்கள். நான் ஊற்றினால் "ஸ்டோர்" என்று போடுவேன்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் என் மாப்பிள்ளை வந்து மாட்டினார்.

என் மகள் இதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில், பெயிண்டர் வேலைக்குத் தற்காலிகமாக ஆள் வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது, நான்தான் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் நான் அவரை "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்று தாங்குவேன். தொழிற்சாலை கேட்டைத் தாண்டினால் அதெல்லாம் கிடையாது.

"இங்க அத்தை கித்தைன்னு கூப்பிடக் கூடாது. சொந்தக்காரருக்குச் சலுகை காட்டுறேன்னு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"சரிங்க அத்தை."

"என்னது?"

"சரிங்க மேடம்."

இப்படியாகத்தானே அவர் பெயிண்டர், நான் மேடம் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மகள் அதற்குள் முழுகாமல் இருந்தாள். அந்த நேரத்தில்தான் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்தார். கலவைத் தொட்டிக்குப் புதிதாகக் குழாய்கள் போட்டிருந்தோம். ஆய்வாளர் வந்து தொட்டி, குழாய், ஸ்டோர், கதவு எல்லாவற்றிலும் பெயரும் எச்சரிக்கையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் குழாய்களில் எதையும் திறந்துவிடலாம்.

"ஆய்வு சுத்தமா முடிஞ்சா பெயிண்டரை நிரந்தரம் பண்ணிடலாம். இல்லன்னா வெளியில காண்ட்ராக்ட் விட்டுட்டு, அவரை அனுப்ப வேண்டியதுதான். மேலிடத்துல அப்படித்தான் சொல்லிட்டாங்க" என்றார். எங்கள் மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் மேலிடம் என்று சொல்லும்போது கண் தானாகக் கூரையைப் பார்க்கும். வெள்ளைச் சட்டை தவிர வேறு எதையும் போட மாட்டார். கேட்டால் எளிமை என்பார்.

மாப்பிள்ளை அன்றிலிருந்து பம்பரமாகச் சுழன்றார். குழாய்களுக்குத் தொழிற்சாலையில் ஒரு வண்ணக் கணக்கு உண்டு. தண்ணீருக்குப் பச்சை, அமிலத்துக்கு ஆரஞ்சு, ப்ளீச்சுக்கு மஞ்சள், காற்றுக்கு நீலம். முதலில் வெள்ளைப் பட்டை போட்டு, அதில் கறுப்பு எழுத்தில் பெயரும், போகும் திசைக்கு அம்பும் எழுதினார். எழுதிய இடத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, மீதிக் குழாய் முழுக்க அதற்குரிய வண்ணம் அடித்தார். ஸ்டோர் கதவில் அவர் எழுதிய "அபாயம்" என்ற சொல்லைப் பார்த்து, நான் தினமும் திறக்கிற கதவையே ஒரு நிமிஷம் தயங்கித்தான் திறந்தேன். வேறொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. எந்தப் பெயிண்ட் டின்னை எடுத்தாலும் மூடியில் இருக்கும் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் திறப்பார். சின்ன வாளிக்கு மாற்றினால் உடனே வாளியில் பெயர் எழுதிவிடுவார். நான் சொல்லாமலே! "பார்த்தியா, என்னை மாதிரியே" என்று மகளிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவள் ஒரு மாதிரி சிரித்தாள். அது ஏன் ஒரு மாதிரி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டிலும் அவர் நிதானம்தான். தக்காளி எடுத்துவரச் சொன்னால் ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். காலையில் எந்தச் சட்டை போடுவது என்பதை என் மகள்தான் எடுத்து வைப்பாள். ஒரு தடவை அவள் ஊரில் இல்லாதபோது, இலைப்பச்சைச் சட்டையும் செங்கல் நிறக் கால்சட்டையுமாக வந்து நின்றார். ஏதோ புது நாகரிகம் போலிருக்கிறது, மாமியார் வாயைத் திறந்து கெட்ட பெயர் வாங்க வேண்டாம் என்று நானும் "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்தேன்.

ஆய்வு நாள் வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் கலவைத் தொட்டிக்கு மேலே, கூரைக்குப் பக்கத்தில், அமிலக் குழாயும் தண்ணீர்க் குழாயும் ஒட்டி ஒட்டிப் போகிற கடைசித் துண்டு மட்டும் பாக்கி. மாப்பிள்ளை அதற்குள் சாரத்தில் ஏறிவிட்டார். பெயிண்ட் டின்களோ ஆளை அமுக்குகிற கனம், கயிற்றில் கட்டி மேலே ஏற்ற முடியாது. நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. நானே ஸ்டோருக்கு ஓடி, இரண்டு வெள்ளை வாளி எடுத்து, ஒன்றில் ஆரஞ்சும் ஒன்றில் பச்சையும் ஊற்றி, கயிற்றில் கட்டி மேலே அனுப்பினேன்.

அவர் வாளிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், இதுல பேர் எழுதலையே?"

எனக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. ஆய்வாளர் வண்டி எந்த நிமிஷமும் வந்துவிடும். "ஏன், கண்ணு தெரியலையா? பெயிண்டுக்குக் கூடவா லேபிள் ஒட்டணும்? அதான் பார்த்தாலே தெரியுதே!" என்று கத்திவிட்டு வாசலுக்கு ஓடினேன். பின்னாலிருந்து அவர் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் நிற்கவில்லை.

அப்புறம் ஸ்டோரில் பீப்பாய்களை நேராக்குவதும், அமில அறைக்கும் ப்ளீச் அறைக்கும் நடுவில் தரையில் போட்டிருந்த கோட்டைத் துடைப்பதுமாகப் பொழுது போனது. வழியில் மேனேஜரைப் பார்த்தேன். "தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்தேன். பெயிண்டர் முடிச்சிட்டார். பிரமாதம்!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆய்வாளர் ஒரு பெண்மணி. குள்ளமாக, கனத்த காலணி போட்டுக்கொண்டு, அதிகம் பேசாமல், ஒவ்வொரு லேபிளையும் முகத்தை ஒட்ட வைத்துப் படித்தார். என் ஸ்டோரில் அவர் ஒரு மூலை விடவில்லை. டப்பாக்களைத் திருப்பி ஊற்றியவர் பெயர் வரை படித்துவிட்டு, "இந்தக் கடைசி வரி யாரோட யோசனை?" என்று கேட்டார். "என்னோடதுதாங்க" என்றேன். "நல்லா இருக்கு" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். பேக்கிங் பிரிவிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

கலவைத் தொட்டிக்கு வந்தோம். எல்லாரும் வந்து நின்றார்கள். மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஆய்வாளர் அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அமிலக் குழாய் ஏன் கடைசியில நிறம் மாறுது?"

"எங்கங்க மாறுது?" என்றார் மேனேஜர்.

நான் அண்ணாந்தேன். அதுவரைக்கும் ஆரஞ்சாக வந்த அமிலக் குழாய், கடைசித் துண்டில் பச்சைப் பசேலென்று நின்றது. பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் பச்சையாக வந்து ஆரஞ்சாக முடிந்தது. இரண்டும் கல்யாணத்தில் மாலை மாற்றிக்கொண்ட மாதிரி மாற்றிக்கொண்டு நின்றன.

"அமிலத்துக்குப் பச்சை அடிச்சிருக்கீங்க. தண்ணிக்கு ஆரஞ்சு" என்றார் ஆய்வாளர்.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நொடி மாப்பிள்ளை பக்கம் திரும்பிக் குதித்தார். "யோவ், உனக்குக் கண்ணு குருடா? பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாதா? இன்னைக்குன்னு பார்த்து என் மானத்தை வாங்கிட்டியே! நாளையில இருந்து வேலைக்கு வராதே!"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்தில் மேடமாவது பெயிண்டராவது, எல்லாம் மறந்துபோனது. அவரைத் தொட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்ப் பல்லைக் கடித்தேன். "மாப்பிள்ளை! என்ன பண்ணி வச்சிருக்கீங்க? இவ்வளவு நாள் ஒழுங்கா அடிச்சிட்டு, கடைசியில கோட்டை விட்டுட்டீங்களே! புள்ள பிறக்கப் போற நேரத்துல வேலை போச்சே!"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அத்தை, எனக்கு ரெண்டும் ஒரே நிறம்."

"என்னது?"

"பச்சையும் ஆரஞ்சும் எனக்குச் சின்ன வயசுல இருந்தே ஒண்ணாத்தான் தெரியும். டின்னுல எழுதியிருந்தா படிச்சு அடிச்சிடுவேன். வாளியில எழுதல. உங்களைக் கேட்டேன். நீங்க கண்ணு தெரியலையான்னு கேட்டுட்டுப் போயிட்டீங்க. வேற யாரைக் கேட்டாலும் குட்டு வெளிப்பட்டுடும். முன்னாடி வேலை பார்த்த இடத்துல தெரிஞ்ச உடனே அனுப்பிட்டாங்க. அதான்... குத்துமதிப்பா அடிச்சேன்."

தக்காளியை அமுக்கிய விரல், மகள் எடுத்து வைத்த சட்டை, அந்தச் செங்கல் கால்சட்டை எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்து நின்றன. டின் மூடியை அவர் படித்துப் படித்துத் திறந்தது என்னைப் போல இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அழுகைதான் கொஞ்சம் அதிகம். ஊரில் இருக்கிற டப்பாவுக்கெல்லாம் பெயர் ஒட்டியவள், எழுத்தை மட்டுமே நம்பியிருந்தவருக்கு அந்த இரண்டு வாளியையும் மொட்டையாக அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பக்கம் மேனேஜர் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஆய்வாளர் அவரைக் கையால் நிறுத்தி, "பெயிண்டை எதுல எடுத்து அடிச்சாங்க?" என்று கேட்டார். யாரோ இரண்டு வாளிகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல லேபிள் எங்க? இது தீப்பிடிக்கிற பெயிண்ட் இல்லையா? ஊத்தினது யாரு?"

தீப்பிடிக்கிற பெயிண்ட்! தீப்பிழம்பு படம் போட்ட அறையில்தான் அந்த டின்களை நானே பூட்டி வைக்கிறேன். அது கூட என் புத்திக்கு எட்டவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். பெயிண்டரே ஊற்றினார் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் தொழிற்சாலையே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. லேபிள் இல்லாத டப்பாவுக்காக என்னிடம் திட்டு வாங்காத ஒரு ஆள் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதுதான் என்னைக் கொன்றது. அதைவிட மாப்பிள்ளையின் குனிந்த தலை அதிகமாகக் கொன்றது.

"நான்தாங்க" என்றேன். சத்தமாகவே திரும்பச் சொன்னேன். "நான்தான் ஊத்தினேன். அவரு பேர் எழுதலையேன்னு கேட்டாரு. பெயிண்டுக்கு எதுக்கு லேபிள்னு நான்தான் கத்தினேன். தப்பு என்னோடது. அவரை அனுப்பாதீங்க."

பின்னாலிருந்து ஒருவன், "லேபிள் அம்மாவே லேபிள் ஒட்டலையா!" என்றான். அவ்வளவுதான், கொட்டகை கிடுகிடுத்தது. இத்தனை வருஷம் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கெல்லாம் சேர்த்து வைத்துச் சிரித்தார்கள். நின்று சிரிக்க முடியாமல் பீப்பாயைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. மூக்கு உடைவது என்பார்களே, எனக்கு அன்றைக்கு மூக்கே இல்லை.

அப்போது மாப்பிள்ளை முன்னால் வந்தார். "அவங்க மேல மட்டும் போடாதீங்க. எனக்குப் பச்சையும் ஆரஞ்சும் பிரிச்சுத் தெரியாது. அதை மறைச்சது என் தப்பு" என்று நிமிர்ந்து நின்று சொன்னார். சிரிப்பு அடங்கியது. என் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"பாருங்க! நிறம் தெரியாத ஆளை வச்சு நான் எப்படிங்க பெயிண்ட் அடிக்கிறது?" என்றார் மேனேஜர்.

ஆய்வாளர் அதற்குப் பதில் சொல்லாமல், "காலையில இந்த இடத்தை யாராவது சரிபார்த்தீங்களா?" என்றார்.

"நான்தான் பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"பிரமாதமா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார்.

ஆய்வாளர் இரண்டு வாளிகளையும் அவர் முன்னால் நகர்த்தினார். "இதுல பச்சை எது சார்?"

"இது என்னங்க, சின்னப் புள்ளையைக் கேக்குற மாதிரி..." என்று மேனேஜர் குனிந்தார். இடது வாளியைப் பார்த்தார். வலது வாளியைப் பார்த்தார். கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தார். மேலிடத்தைக் கூடப் பார்த்தார். கடைசியில் ரொம்ப நம்பிக்கையோடு ஒரு வாளியைத் தொட்டுக் காட்டினார்.

அது ஆரஞ்சு.

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பை நான் எழுதிக் காட்ட முடியாது. ஆய்வாளரே முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கினார். மேனேஜர் அசடு வழிய நின்றவர், கொஞ்ச நேரத்தில் தானும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அதான் என் வீட்டுக்காரி எனக்கு வெள்ளைச் சட்டையாவே வாங்கித் தர்றாளா! கேட்டா உங்களுக்கு வெள்ளைதான் எடுப்பா இருக்குன்னு சொல்லுவா" என்றார். இந்த வயது வரை அவருக்கே தெரியாதாம்.

"பத்துப் பன்னிரண்டு ஆம்பளைங்களை நிக்க வச்சா, ஒருத்தருக்காவது இப்படி இருக்கும்" என்றார் ஆய்வாளர். "நிறம் ஒரு உதவி, அவ்வளவுதான். நம்ப வேண்டியது பேரையும் அம்பையும். அது ரெண்டும் இங்க ஒரு இடத்துலகூடத் தப்பில்லை. அதனால குழாய் பத்தி எனக்கு பயம் இல்லை. ஆனா நிறத்தைச் சரி பண்ணுங்க. அந்த வாளிக்கு லேபிள் ஒட்டுங்க. சாப்பிட்டுட்டு வந்து பார்க்கிறேன். கையெழுத்து அப்புறம்தான்."

அவர் சாப்பிடப் போனதும் நான் மகளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ தக்காளி அழுகியிருந்தாலே கடைக்காரரை அழ வைப்ப. மாப்பிள்ளைக்கு நிறம் தெரியலன்னா விடுவியாம்மா?" என்றாள். அவள் சொன்னதில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஸ்டோருக்குப் போனேன்.

அங்கே மேனேஜர் எனக்காகக் காத்திருந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பெயிண்டரை அனுப்பினா என்னையும்ல அனுப்பணும். கையெழுத்து மட்டும் விழட்டும், நிரந்தரம்தான். மேலிடத்துக்கு நான் பேசிக்கிறேன்." போகும்போது வாசலில் நின்று, "அப்புறம், துணியில ஒட்டுற மாதிரி லேபிள் ஏதாவது இருந்தா கொஞ்சம் குடுங்க. கலர் சட்டை ரெண்டு எடுக்கலாம்னு இருக்கேன்" என்றார். ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு இரண்டு புது வாளியை எடுத்தேன். பெயிண்டை ஊற்றினேன். பேனாவை எடுத்து, கொட்டை எழுத்தில் "ஆரஞ்சு" என்று எழுதினேன். தீப்பிழம்பு படம் ஒட்டினேன். "அபாயம். தீப்பிடிக்கும். நெருப்புக்கு அருகில் வைக்காதே." அடுத்த வாளிக்குப் "பச்சை" என்று ஆரம்பித்து அதே மாதிரி. கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றது. வழக்கமாக "ஸ்டோர்" என்று போடுகிற இடம். கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு வேறு ஒன்றை எழுதி, வாளிகளை நானே சாரத்தின் அடிக்குக் கொண்டுபோய்க் கயிற்றில் கட்டினேன்.

மேலே வாளி போனதும் மாப்பிள்ளை லேபிளை மேலிருந்து கீழாகப் படித்தார். கடைசி வரியில் கண் நின்றது. என்னைக் குனிந்து பார்த்தார். நான் ஏதோ வேலையிருக்கிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி.

ஆய்வாளர் வந்தபோது இரண்டு குழாயும் அதனதன் நிறத்தில் பளபளத்தன. அவர் குழாயைப் பார்த்தது கொஞ்சம்தான். நேராக வாளிகளை இறக்கச் சொல்லி, ஒரு வாளியைத் தூக்கி முகத்தை ஒட்ட வைத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "ஆரஞ்சு. அபாயம். தீப்பிடிக்கும். நெருப்புக்கு அருகில் வைக்காதே. ஊற்றியவர்..." அங்கே நிறுத்திப் புருவத்தைத் தூக்கினார். "ஊற்றியவர், அத்தை."

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"யாருங்க இந்த அத்தை? இந்தப் பேரை வச்சுத் தேடினா ஆளைக் கண்டுபிடிக்க முடியணும். அதுக்குத்தான் இந்த வரி" என்றார் ஆய்வாளர்.

பேக்கிங் பிரிவு, பீப்பாய் உருட்டுகிறவர்கள், வெள்ளைச் சட்டை மேனேஜர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி என்னைக் காட்டினார்கள்.

"சரி, தெரியுது" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார்.

"அத்தை!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "நான் இறங்கட்டுமா?"

"பார்த்து, மெதுவா இறங்குங்க மாப்பிள்ளை!" என்று கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.